பெரிய அணிகளில் மெத்தனம் எங்கிருந்து வருகிறது? டெக்சாஸ் லாங்ஹார்ன்ஸை முன்வைத்து கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பழம்பெருமை உள்ள அணிகள் சுலபமான எதிரிகளிடம் ஏன் கவிழ்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் அணியைப் பற்றியவை. அதனால் அந்த அணியை நடுவில் வைத்துப் பதில் சொல்கிறேன். தேவையான இடத்தில் நோட்ர டாம், மிச்சிகன், அலபாமா அணிகளும் வரும்.

கேள்வி: 2009 சீசனில் தேசிய இறுதிப் போட்டி வரை போன டெக்சாஸ், அடுத்த ஆண்டே 5 வெற்றி 7 தோல்வி என்று விழுந்தது. ஒரே வருடத்தில் அப்படி என்ன ஆனது?

ஒரே வருடத்தில் ஆனதில்லை, வெளியே தெரிந்ததுதான் அந்த வருடம். பயிற்சியாளர் மேக் பிரௌன் காலத்தில் 2001 முதல் 2009 வரை தொடர்ந்து ஒன்பது சீசன்களில் பத்து வெற்றிக்குக் குறையவில்லை. 2005 சீசனில் யு.எஸ்.சி.யை 41-38 என்று வென்று தேசியப் பட்டமும் வாங்கினார்கள். அந்த வெற்றிதான் ஆள் எடுக்கும் முறையில் ஒரு சொகுசைக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் பிப்ரவரியில் 'ஜூனியர் டே' நடக்கும். பதினோராம் வகுப்புப் பையன்கள் வந்து பார்ப்பார்கள், டெக்சாஸ் இடம் கொடுக்கும், பலர் அன்றோ அந்த மாதமோ வாய்வார்த்தை கொடுத்துவிடுவார்கள். முறையாகக் கையெழுத்திடும் நாளுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். பதினாறு பதினேழு வயதில் ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. ஒருவன் வளர்வான், ஒருவன் நின்றுவிடுவான். முன்பே இடம் கிடைத்தவனுக்குக் கடைசி வருடம் போட்டி போட வேண்டிய அவசியமே இல்லை. கடைசி வருடத்தில் மலர்பவனுக்கோ இடம் மிச்சமில்லை. 2011இல் ராபர்ட் கிரிஃபின் பேய்லர் பல்கலைக்கழகத்துக்கும், 2012இல் ஜானி மான்ஸியல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் என்ற வேறொரு பல்கலைக்கழகத்துக்கும், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிக் கொடுத்தார்கள். இருவரும் டெக்சாஸ் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடிய குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்.

2010இல் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 25 அன்று சொந்த மைதானத்தில் யு.சி.எல்.ஏ.விடம் 34-12 என்று தோல்வி. அக்டோபர் 23 அன்று அதே மைதானத்தில் அயோவா ஸ்டேட்டிடம் 28-21; டெக்சாஸை அந்த அணி வென்றது அதுவே முதல் முறை. குவார்ட்டர்பேக் காரெட் கில்பர்ட் அந்த சீசனில் 10 டச்டவுன் (எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பாஸ் போட்டார், 17 இன்டர்செப்ஷன் (எதிரி பிடித்துக்கொண்ட பாஸ்) கொடுத்தார். பழி முழுவதையும் அவர் தலையில் போட்டவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இன்டர்செப்ஷன் ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. ஆனால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை எதிரியை மறிக்காமல் விட்ட பிளாக், பாஸைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் பாதியில் நிறுத்திய ஓட்டம் இரண்டும் எந்தக் கணக்கிலும் வராது.

கேள்வி: வெளியிலிருந்து பார்க்கும் ரசிகனுக்கு மெத்தனம் வந்துவிட்டதென்று எப்படித் தெரியும்?

பேட்டிகளில் தேடாதீர்கள். இந்தக் காலத்துப் பையன்கள் அடக்கமாகப் பேசப் பழக்கப்பட்டவர்கள். ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டு, பந்து இல்லாத ஆட்களைப் பாருங்கள்.

பயிற்சியாளர்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'லோஃப்' என்று ஒரு கணக்கு வைப்பார்கள். உடம்பு சோம்பிய இடங்களின் எண்ணிக்கை அது. விதிகள் எளிமையானவை: ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைக் குறைத்தால் ஒன்று, பந்தை நோக்கி ஓடுகையில் தன்னை இன்னொரு சக ஆட்டக்காரர் தாண்டிப் போனால் ஒன்று, கீழே விழுந்தவர் உடனே எழாமல் கிடந்தால் ஒன்று, டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) முடியும்போது பந்தைப் பார்க்காமல் திரும்பி நின்றால் ஒன்று. இதை வீட்டிலிருந்தே எண்ணலாம். எதிரி நீண்ட ஓட்டம் ஓடும்போது மட்டும் எண்ணினால் போதும். விஷயம் அங்கேதான் வெளிப்படும்.

அடுத்து, பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன் வரும் அபராதங்கள். ஃபால்ஸ் ஸ்டார்ட், ஆஃப்சைடு போன்றவை ஒவ்வொன்றும் 5 யார்டு. இதற்குத் திறமையோ உடல்பலமோ தேவையில்லை, கவனம் மட்டும் போதும். பந்து இல்லாத எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்காக வரும் அபராதத்தைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளலாம். அசையாமல் நிற்க வேண்டிய நேரத்தில் அசைவது பயிற்சியில் அதை விட்டுக்கொடுத்ததன் அடையாளம்.

மூன்றாவது, முதல் ஆளின் டேக்கிள். 2013 செப்டம்பர் 7 அன்று பிரிகம் யங் பல்கலைக்கழகம் டெக்சாஸுக்கு எதிராகத் தரையில் மட்டும் 550 யார்டு ஓடியது. அதில் 259 யார்டு அவர்களின் குவார்ட்டர்பேக் டேசம் ஹில் ஓடியது. டெக்சாஸின் டிஃபென்ஸ் (தடுப்பாட்ட) பொறுப்பாளர் மறுநாளே நீக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் கைகளை மட்டும் நீட்டி இழுக்கப் பார்த்த முயற்சிகளைக் கவனியுங்கள். கால்களை நகர்த்தி, தோளைக் கொடுத்து, இடுப்பைச் சுற்றிப் பிடிப்பதை வாரம் தவறாமல் பழகினால்தான் ஆட்டத்தில் வரும்.

கேள்வி: பயிற்சியில் விட்டுக்கொடுத்தல் என்கிறீர்களே, அது நடைமுறையில் எப்படி நடக்கிறது?

வார அட்டவணையைப் பார்த்தால் புரியும். சீசனில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதிப்பது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு ஃபிலிம் பார்த்துத் திருத்தம், செவ்வாயும் புதனும் கனமான பயிற்சி, வியாழன் மெருகு, வெள்ளி நடந்து பார்ப்பது என்பது பொதுவான வரிசை. அணியின் உண்மையான வேலை செவ்வாய், புதன் இரண்டே நாள்தான்.

கோளாறு முதலில் ஞாயிற்றுக்கிழமை வரும். 45-10 என்று ஜெயித்த வாரத்தில் ஃபிலிம் அறையில் நல்ல காட்சிகளை ஓட்டிக் கைதட்டுவார்கள். அதே தவறைச் செய்து 17-20 என்று தோற்றிருந்தால் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருப்பார்கள். தவறு ஒன்றே, தண்டனை மட்டும் ஸ்கோரைப் பொறுத்து மாறுகிறது. ஆட்டக்காரர் அதிலிருந்து கற்றுக்கொள்வது, ஜெயித்தால் எதுவும் செய்யலாம் என்பதைத்தான். இதற்கு மருந்து: ஜெயித்தாலும் தோற்றாலும் ஞாயிறு காட்டும் திருத்தக் காட்சிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இருபது என்று வைத்தால் எப்போதும் இருபது.

இரண்டாவது கோளாறு ஸ்கவுட் டீமில் வருகிறது. அடுத்த எதிரியின் ஆட்டத்தை அட்டைகளில் வரைந்து வைத்து, களமிறங்காத பையன்களைக் கொண்டு நடித்துக் காட்டுவார்கள். எதிரி சிறிய அணி என்றால் அந்த நடிப்பும் தளர்ந்துவிடும். பாதி வேகத்தில் ஓடுபவனைத் தடுத்துப் பழகிய கால்கள் சனிக்கிழமை முழு வேகத்தைச் சந்திக்கும்போது அரை அடி பிந்தும். அந்த அரை அடியில்தான் டச்டவுன் போகிறது. அதனால்தான் நல்ல அணிகள் சீசன் நடுவிலும், ஒரு பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது, தங்கள் முதல் வரிசை ஆஃபென்ஸை (தாக்குதல் ஆட்டக்காரர்களை) முதல் வரிசை டிஃபென்ஸோடு மோதவிடுகின்றன. காயம் படும் என்று பயந்து இதை முதலில் வெட்டுகிறவர்கள், வேகம் ஏன் போனது என்று அக்டோபரில் கேட்பார்கள்.

மூன்றாவது, நட்சத்திர ஆட்டக்காரர் கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் யார் என்ன சொல்கிறார்கள் என்பது. இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: 'டெக்சாஸ் திரும்பி வந்துவிட்டது' என்று அடிக்கடி சொல்கிறார்களே. ஊடகப் புகழ்ச்சி உண்மையிலேயே ஆட்டத்தைக் கெடுக்குமா? இல்லை, பெருங்காயம் இருந்த டப்பாவின் வாசனைதானா அது?

கெடுக்கும். ஆனால் நேராகக் கெடுக்காது. 2016 செப்டம்பரில் நோட்ர டாமை இரண்டு கூடுதல் நேரங்களில் 50-47 என்று டெக்சாஸ் வென்றபோது, தொலைக்காட்சி வர்ணனையாளர் அந்த வாக்கியத்தை அங்கேயே அறிவித்தார். சீசன் முடிந்தபோது கணக்கு 5-7, அதாவது 5 வெற்றி 7 தோல்வி. நடுவில் கேன்சஸிடம் கூடுதல் நேரத்தில் 24-21 என்று தோல்வி வேறு. 2019 ஜனவரி 1 அன்று ஷுகர் பௌல் என்ற சீசன் இறுதிச் சிறப்பு ஆட்டத்தில் ஜார்ஜியாவை 28-21 என்று வென்ற பிறகு குவார்ட்டர்பேக் சாம் எலிங்கரே மேடையில் அதைச் சொன்னார். அடுத்த சீசன் 8-5.

அந்த வாக்கியத்தில் உள்ள கோளாறு, அது ஓர் ஆட்டத்தை முடிவாக ஆக்கிவிடுகிறது என்பதுதான். அலபாமாவில் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் ஊடகப் புகழ்ச்சியை எலி மருந்து என்று 2017இல் சாடியது வெறும் கோபத்தில் சொன்னதில்லை. 1998இல் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது, அங்கே மனநலப் பேராசிரியராக இருந்த லைனல் ரோசனின் யோசனையின் பேரில், முடிவை மறந்து அந்தந்த பிளேயை மட்டும் ஆடச் சொன்னார். பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரையான ஒரு பிளே சராசரியாக ஏழு வினாடி. அதை முழுதாக ஆடு, முடிந்ததும் விடு, அடுத்ததற்குப் போ. அந்த நவம்பரில் முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை 28-24 என்று வென்றார்கள். ஸ்கோர்போர்டைப் பார்க்காதவனுக்கு முன்னிலையால் மிதப்பு வராது, பின்னடைவால் பதற்றமும் வராது.

கேள்வி: நோட்ர டாம் 2024இல் நார்தர்ன் இல்லினாயிடம் தோற்றும் இறுதிப் போட்டி வரை போனது. மிச்சிகன் 2007இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் தோற்று அடுத்த வாரமும் தோற்றது. வித்தியாசம் எங்கே?

நல்ல ஒப்பீடு. இரண்டிலும் தோற்ற அணி தேசியத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்தது, ஆட்டம் சொந்த மைதானத்தில் நடந்தது, வித்தியாசம் இரண்டே புள்ளி. நோட்ர டாம் 16-14, மிச்சிகன் 34-32.

நோட்ர டாம் முந்தைய வாரம் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை அவர்கள் மைதானத்தில் 23-13 என்று வென்று வந்திருந்தது. பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம், சிறிய எதிரி: விழுவதற்கு இதைவிட வழுக்கலான இடம் கிடையாது. நார்தர்ன் இல்லினாய் ஒரு குட்டைப் பாஸை 83 யார்டு டச்டவுன் ஆக்கியது. கடைசிக் கட்டத்தில் நோட்ர டாம் முன்னிலையில் இருந்தபோது ரைலி லெனர்ட் தூரப் பாஸில் இன்டர்செப்ஷன் கொடுத்தார். 31 வினாடி மிச்சமிருக்கையில் நார்தர்ன் இல்லினாயின் 35 யார்டு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) விழுந்தது. அதன் பிறகு அவர்கள் திருத்தியது குறிப்பான விஷயங்களை. அடுத்த வாரம் பர்டியூவை 66-7 என்று வென்று, வழக்கமான சீசனை 11-1 என்று முடித்து, இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூவரையும் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் தாண்டினார்கள். இறுதியில் ஒஹையோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றார்கள்.

மிச்சிகன் கதை வேறு. அப்பலாச்சியன் ஸ்டேட் தன் ஆட்டக்காரர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, ஓடும் குவார்ட்டர்பேக் அர்மாண்டி எட்வர்ட்ஸை வைத்து ஆடியது. அடுத்த வாரம் ஆரிகன் அதே வகை ஆட்டத்தை இன்னும் வேகமாக ஆடி 39-7 என்று முடித்தது. அப்படியானால் முதல் தோல்வி மனக்கோளாறு மட்டும் இல்லை. ஓடும் குவார்ட்டர்பேக்கை யார் பிடிப்பது என்று டிஃபென்ஸில் பதிலே இல்லை. எல்லாவற்றையும் மிதப்பு என்று சொல்லி முடித்துக்கொண்டால் பழுதான பாகம் அப்படியே கிடக்கும். தோல்விக்குப் பின் முதல் கேள்வி இப்படி இருக்க வேண்டும்: இதே எதிரியை முழுக் கவனத்தோடு ஆடியிருந்தால் தடுத்திருப்போமா? ஆம் என்றால் பழக்கத்தைத் திருத்து. இல்லை என்றால் திட்டத்தைத் திருத்து.

கேள்வி: 2021இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் கால்பகுதி முடிவில் 28-7 முன்னிலை, கடைசியில் 55-48 தோல்வி. இது மிதப்புதானே?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், ஆனால் மிதப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஆட்டத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 17-3 முன்னிலையை இழந்து 32-24, அதற்கடுத்து பேய்லரிடம் 21-10 முன்னிலையை இழந்து 31-24. மூன்று முறை ஒரே மாதிரி நடந்தால் அது குணக்கோளாறைவிட ஆள் பற்றாக்குறையைக் காட்டுகிறது. முதல் பதினைந்து இருபது பிளேக்களை டெக்சாஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கீசியன் முன்கூட்டியே எழுதி வைப்பவர், அது அருமையாக ஓடும். பிறகு எதிரி திருத்திக்கொள்வான். மாற்று முன்வரிசையாளர்கள் களத்துக்கு வரும் நேரமும் அதுதான். அந்தப் பையன்கள் தயாராக இல்லை. சீசன் 5-7. அதில் ஆறு தொடர் தோல்விகள், கேன்சஸிடம் சொந்த மைதானத்தில் 57-56 உட்பட.

அவர் அதன் பிறகு செய்தது இரண்டு வேலை. முன்வரிசைக்குப் பெரிய உடம்புள்ள பையன்களைக் கொத்தாக எடுத்தார். புதன்கிழமைகளில் ஆட்டக்காரர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி ஒருவருக்கொருவர் பேச நேரம் ஒதுக்கினார். இரண்டாவதைக் கேலி செய்தவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்பவனை யார் என்று தெரிந்தவன்தான் அவனைப் பார்த்து 'நீ ஓடவில்லை' என்று சொல்ல முடியும், அவனும் கேட்டுக்கொள்வான். 2023இல் அலபாமாவை அவர்கள் மைதானத்திலேயே 34-24 என்று வென்று 12-2 என்று முடித்தார்கள்.

கேள்வி: கேப்டன்களை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஆட்டக்காரர்கள், ரகசிய வாக்கில். பயிற்சியாளர் நியமித்தால் அவர் பயிற்சியாளரின் ஆள் ஆகிவிடுவார். கேப்டன்களோடு ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரிருவர் என்று பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவும் வேண்டும். களத்தில் இறங்காத ஸ்கவுட் டீமிலிருந்து ஒருவர் அதில் கட்டாயம் இருக்கட்டும். யார் பயிற்சியில் ஏமாற்றுகிறார்கள் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: இப்போது பணம் வெளிப்படையாகக் கைமாறுகிறது, அணி மாறுவதும் சுலபம். பழைய ஒழுங்கு இனி சாத்தியமா?

2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், படம் வழியே சம்பாதிக்கலாம். 2025-26 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம்; அந்த முதல் ஆண்டில் உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். பழைய முறையில் பயிற்சியாளர் கையில் இருந்த பெரிய ஆயுதம் காத்திருக்கவைப்பது. அது போய்விட்டது. களமிறக்குவதும் இறக்காததும் மட்டும் மிச்சம். அதைப் பணத்தைப் பார்த்துப் பயன்படுத்தினால் அணி அன்றே தெரிந்துகொள்ளும்.

2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வரலாற்றில் முதல் முறையாக ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் சீசனைத் தொடங்கியது. ஒஹையோ ஸ்டேட்டில் 14-7 தோல்வி. அக்டோபர் 4 அன்று ஃபுளோரிடாவிடம் 29-21 என்று தோற்று 25 இடங்களுக்கு வெளியே போனது. எல்லோரும் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கைப் பற்றியே பேசினார்கள். ஆனால் முந்தைய முன்வரிசை ஐவரில் நால்வர் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் பெயரைப் பார்த்தார்கள், முன்வரிசையைப் பார்க்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் உங்கள் அணி எந்த இடத்தில் வந்தாலும், முதலில் அந்த ஐந்து பேர் ஒன்றாக எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.