காத்மாண்டு மாணவர்களின் கோபம்

கேள்வி: எங்கள் விடுதியில் இருக்கும் நேபாளத் தோழி எங்களிடம் உயிராகப் பழகுகிறாள். இந்திய அரசைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. சீனா தூண்டிவிடுவதுதான் காரணமா?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: சீனா இருக்கட்டும். அவளிடம் 2015 பற்றிக் கேட்டுப் பாருங்கள். அப்போது நான் காத்மாண்டுவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 25 பூகம்பத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்துபோயிருந்தார்கள். செப்டம்பர் 20 அன்று புதிய அரசியலமைப்பு வந்தது. சில நாட்களிலேயே பீகாரின் ரக்சோல் எல்லையில் லாரிகள் நின்றுவிட்டன. நேபாளத்தின் பெட்ரோல், சமையல் கேஸ் எல்லாம் இந்தியாவிலிருந்துதான் போக வேண்டும். தசைன் பண்டிகைக்குப் பிள்ளைகள் பஸ் கூரையில் உட்கார்ந்து ஊருக்குப் போனார்கள். பிப்ரவரி வரை விடுதியில் விறகு அடுப்புதான்.

நாங்கள் தடுக்கவில்லை, அரசியலமைப்பை எதிர்த்து நேபாளத்துக்குள் நடக்கும் போராட்டத்தால்தான் லாரிகள் போகவில்லை என்றது டெல்லி. வகுப்பில் பெரும்பாலானோர் நம்பவில்லை. நானும்தான். 1989-இல் வர்த்தக ஒப்பந்தம் காலாவதியானபோது இந்தியா பெரும்பாலான எல்லை வழிகளை மூடியதை அவர்கள் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஆனால் ஜனக்பூர் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவனின் கோபம் வேறு. அவன் மாதேசி, அதாவது இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியைச் சேர்ந்தவன். அரசியலமைப்பில் தங்களுக்கு உரிய இடம் இல்லை என்று தராய் சமவெளி மக்கள் போராடினார்கள். போலீஸாரையும் சேர்த்து 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்போது வாய் திறக்காத காத்மாண்டு, கேஸ் தீர்ந்ததும் அழுகிறதே என்பான். அவன் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பீகாரில், மதுபனியில். சக மாணவர்கள் அவனையே 'இந்தியன்' என்று ஏசினார்கள். அன்று அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொந்த நாட்டில் படிக்கும் பையனை அப்படிச் சொல்வது அநியாயம். அதை வகுப்பிலேயே சொன்னேன்.

சரி, சீனாவுக்கு வருவோம். 2016 மார்ச்சில் நேபாளம் சீனாவோடு சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டபோது மாணவர்கள் மகிழ்ந்தது உண்மை. ஆனால் சீனத் துறைமுகமான தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, கொல்கத்தாவோ பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தோழியிடம் தயங்காமல் பேசுங்கள். 'நேபாளமும் நம்ம ஊர் மாதிரிதானே' என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் பாசத்தில் சொன்னாலும் அவளுக்கு அது கசக்கும்.