12 வயது மகனுக்கு கேமிங் கம்ப்யூட்டர்: ரெடிமேடாக வாங்குவதா, பாகம் வாங்கிச் சேர்ப்பதா?

பையனோடு உட்கார ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் என்றால், சேர்ப்பதையே சொல்வேன். ரெடிமேடில் கிராபிக்ஸ் கார்டு பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பவர் சப்ளையிலும் ரேமிலும் சிக்கனம் பிடிப்பது நிறைய நடக்கிறது. 16 ஜிபி ரேம் என்றால் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள்; ஒன்றே ஒன்றாகப் போட்டால் பல கேம்களில் வேகம் குறையும்.

நாங்கள் சேர்த்தபோது, என் மகள் பிராசசரை (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) அதற்கான சாக்கெட்டில் வைக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிராசசரிலும் சாக்கெட்டிலும் மூலையில் இருக்கும் சின்ன முக்கோணக் குறிகள் நேராக வந்தால் பிராசசர் தானாக உட்கார்ந்துவிடும், அழுத்தவே கூடாது.

நேரமில்லையா? சரி, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்து, கடையிலேயே சேர்த்துத் தரச் சொல்லலாம். வாரண்டி பாகத்துக்குப் பாகம் தனி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ் மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசரே தாங்கும்.