மறைபொருளும் மழுப்பலும்

அன்புள்ள ஐயா,

நான் இறையியல் முதுகலை மாணவன். கிறிஸ்துவின் இரு இயல்புகளை, அதாவது தெய்வ இயல்பையும் மனித இயல்பையும் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். சொற்களையும் வாதங்களையும் தர்க்கத்தால் துல்லியமாக அலசும் பகுப்பாய்வுத் தத்துவத்தை முறையியலாக வைத்துக்கொள்ளும்படி நெறியாளர் சொல்கிறார். ஆனால் வாசிக்க வாசிக்கக் கடவுள் ஒரு கணக்காகச் சுருங்கிவிடுகிறார். மறைபொருளுக்கு அங்கே இடமே இல்லை. ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும், என்ன தொடர்பு என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டது சரிதானோ? போன மாதம், குழந்தையைப் பறிகொடுத்த நண்பனுக்கு தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்காவின் சுதந்திர சித்த வாதத்தை, அதாவது மனிதனின் சுதந்திரத்தை வைத்துக் கடவுளும் தீமையும் ஒத்துப்போக முடியும் என்கிற வாதத்தை, விளக்கினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டான். இந்த முறையை நான் கையில் எடுக்கலாமா?

அன்புள்ள தம்பி,

கிறிஸ்துவின் இரு இயல்புகளைப் பற்றி முடிவெடுத்த ஆயர்களின் கூட்டமான கல்சிடோன் சங்கத்தைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தெர்த்துல்லியனை விட்டுவிடலாம். ஏதென்சை விரட்டிய அதே மனிதர்தான், பிதாவும் குமாரனும் ஒருவரே என்று போதித்த பிரக்சேயாசுக்கு எதிராக வரிக்கு வரி வாதாடியவர்; திரித்துவத்துக்கான லத்தீன் சொல்லை இறையியலுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். அவருடைய ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள் அவரைப் படிப்பதில்லை.

உங்கள் நண்பர் விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுள் இருப்பதும் தீமை இருப்பதும் தர்க்கப்படி ஒத்துப்போகாது என்று தத்துவவாதி ஜே. எல். மெக்கி 1955-இல் எழுதினார். முரண்பாடு இருந்தே தீர வேண்டியதில்லை என்று பிளாண்டிங்கா 1974-இல் வெளியான நூலில் காட்டினார். அவ்வளவுதான் அந்த வாதத்தின் வேலை. இந்தக் குழந்தை ஏன் இறந்தது என்று அது சொல்லவில்லை, சொல்ல முயலவும் இல்லை. துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல இது உதவாது, அவருக்குத் தேவை மேய்ப்பரின் துணை என்று பிளாண்டிங்காவே அந்த நூலில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பழியை முறையின்மேல் போடாதீர்கள். நண்பரைப் போய்ப் பாருங்கள், வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

சரி, மறைபொருள். இதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

வாலிபர் கூட்டத்தில் ஒருமுறை மாற்கு 13:32 வாசித்தார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார், குமாரனும் அறியார் என்கிற வசனம். எழுந்து கேட்டேன்: இயேசு கடவுள் என்றால் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? கூட்டத்தை நடத்தியவர் சிரித்தார். "அது மறைபொருள் தம்பி, ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபம் பண்ணினேன். கேள்வி அப்படியே இருந்தது. கூடவே, கேட்டதே பாவமோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. பல வருடம் கழித்து, தத்துவவாதி தாமஸ் மோரிஸ் 1986-இல் அவதாரத்தின் தர்க்கத்தைப் பற்றி எழுதிய நூல் கைக்கு வந்தது. கிறிஸ்துவுக்கு இரண்டு மனங்கள் என்கிறார். தெய்வ மனம் மனித மனத்தை முழுக்க அறியும். மனித மனமோ, தெய்வ மனம் திறந்து கொடுக்கிற அளவுக்குத்தான் அதை அறியும். அப்படியானால் ஒரே ஆளுக்குள் இரண்டு பேர் ஆகிவிடாதா, கிறிஸ்துவை இரண்டு ஆட்களாகப் பிரிப்பதாகத் திருச்சபை கண்டித்த நெஸ்தோரியனிசம் பின்வாசல் வழியாக நுழையாதா என்று கேட்கலாம். கேட்டார்கள். எனக்கும் அதில் முழுத் திருப்தி கிடையாது. ஆனால் ஒரு வாலிபனின் கேள்வியை மோரிஸ் கேள்வியாக மதித்திருக்கிறார். அந்த நூலைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த அழுகைக்கு அதுதான் காரணம்.

மறைபொருள் வேறு, முரண்பாடு வேறு. முரண்பாடு எதையும் சொல்வதில்லை. வட்டமான சதுரத்தின் முன் யாரும் மண்டியிட முடியாது. மறைபொருள் ஒன்றைச் சொல்கிறது, அதன் ஆழம்தான் நமக்கு எட்டவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் 'மறைபொருள்' என்று கை விரிக்கிறவர் கடவுளின் மகத்துவத்தைக் காப்பாற்றவில்லை, தன் சோம்பலைக் காப்பாற்றுகிறார். 451-இல் கல்சிடோனில் கூடிய ஆயர்களைப் பாருங்கள். இரு இயல்புகளும் கலப்பின்றி, மாற்றமின்றி, பிளவின்றி, பிரிவின்றி ஒரே ஆளில் இருக்கின்றன என்று எழுதினார்கள். நான்கும் எதிர்மறைகள். எப்படி என்று விளக்கவே இல்லை. எங்கெல்லாம் கால் வைக்கக்கூடாது என்று மட்டும் எல்லை கட்டினார்கள். அந்த எல்லையைக் கட்ட எத்தனை வருடச் சண்டை, எத்தனை நுணுக்கம்! பகுப்பாய்வு கடவுளைச் சுருக்குகிறது என்றால் முதல் குற்றவாளிகள் அவர்கள்தான். போய் அவர்களிடம் சொல்லுங்கள்.

இந்த முறைக்காரர்களோடு எனக்கும் ஒரு சண்டை உண்டு. 2009-இல் ஆலிவர் கிரிஸ்ப்பும் மைக்கேல் ரேயும் சேர்ந்து தொகுத்த நூல்தான் 'பகுப்பாய்வு இறையியல்' என்கிற பெயரை நிலைநிறுத்தியது. அதன் முன்னுரையில் ரே இந்த எழுத்துமுறையின் இயல்புகளைப் பட்டியலிடுகிறார். அதில் ஒன்று, வாக்கியத்தில் அடங்காத பொருளைச் சுமக்கிற உருவகங்களைத் தவிர்ப்பது. அப்படித் தவிர்த்தால் உவமைகளாலேயே பேசிய இயேசுவை என்ன செய்வது? இதற்கான பதில் அவர்களுடைய முகாமிலிருந்தே வந்தது. எலினோர் ஸ்டம்ப் 2010-இல் எழுதிய பெரிய நூலில் யோபு, சிம்சோன், ஆபிரகாம், பெத்தானியா மரியாள் ஆகியோரின் கதைகளைக் கதைகளாகவே வாசிக்கிறார். ஓர் ஆளை அறிவது அந்த ஆளைப் பற்றிய வாக்கியங்களை அறிவதில் முடிந்துவிடாது, கதைக்குத்தான் அது எட்டும் என்று வாதிடுகிறார். அதையும் கறாரான தர்க்கத்தோடு.

அப்புறம், ஆய்வேடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், நெறியாளர் சொல்வது நல்லதுதான். அதற்கு முன் இடைக்காலத் துறவி ஆன்செல்மின் 'புரோஸ்லோகியன்' நூலைப் படியுங்கள். கடவுள் இருக்கிறார் என்கிற புகழ்பெற்ற வாதம் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. எல்லாப் பாடநூல்களும் அதை மட்டும் வெட்டி எடுத்துப் போடும். முதல் அத்தியாயம் பெரும்பாலும் ஜெபம். இரண்டாவதில் வாதம் தொடங்கும்போதும் அவர் கடவுளை 'நீர்' என்றுதான் அழைத்துப் பேசுகிறார். முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள்.