புகார் கொடுத்தால் மாப்பிள்ளையின் பிரமோஷன் போய்விடுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்காரக் குடும்பம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், அங்கே ராணுவத்தில் இருக்கிறார். டெக்சாஸில் ராணுவ முகாமுக்குள்ளேயே வீடு. வெளியே பார்த்தால் பங்களா மாதிரி இருக்கும். ராத்திரி விளக்கை அணைத்தால் சுவருக்குள் எலி ஓடும். ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்குள் கரப்பான் குஞ்சுகள். நான் இங்கிருந்து கொண்டுபோன ஜவ்வரிசி வத்தல், மிளகாய்த்தூள் பாக்கெட் எல்லாவற்றையும் எலி கிழித்துவிட்டது. மூன்று முறை ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார், எதுவும் மாறவில்லை. நாலு வயதுப் பேரனுக்கு மூச்சிரைப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஆபீசில், "உங்கள் சமையல்தான் காரணம்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையோ, "பிரமோஷன் வருகிற நேரம், பேசாமல் இரு" என்கிறார். கேஸ் போட முடியுமா? நஷ்டஈடு கிடைக்குமா? இங்கே உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்வது?
பெயர் வேண்டாம், சேலம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எலியைவிட என்னை அதிகம் சுட்டது அந்த "சமையல்" பேச்சுதான். பச்சை உடம்புக்காரியிடம், அதுவும் ஊர்விட்டு ஊர் வந்து இருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா அது? அதனால் முதலில் அதையே பார்த்துவிடுவோம். சுண்டெலி நுழைய ஒரு பென்சில் கனத்துக்கு ஓட்டை இருந்தால் போதும், கால் அங்குலம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகிற இடத்தைச் சுற்றி அந்த அளவு இடைவெளி இருக்கிறதா என்று மகளை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரப்பான் ஃபிரிட்ஜைத் தேடிப் போவது மோட்டார் சூட்டுக்கும் ஈரத்துக்கும். ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சுகள் வரை வரும். மேலாக மருந்து அடித்துவிட்டுப் போனால் கூடு அப்படியேதான் கிடக்கும். ஓட்டையை அடைப்பதும், கசிகிற குழாயைச் சரிசெய்வதும் வீட்டை வாடகைக்கு விட்டவர் வேலை. உங்கள் மகள் வைத்த குழம்புக்கும் அந்த ஓட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சட்டத்துக்கு முன்னால் இன்னும் ஒன்று, இது அவசரம். எலிப்புழுக்கையைக் கண்டால் நம் கை துடைப்பத்தைத் தேடும். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவே கூடாது, வேக்குவமும் போடக் கூடாது. தூசி கிளம்பி மூச்சில் போனால், ஹான்டா வைரஸ் போன்ற கொடிய நோய் வர வாய்ப்பு உண்டு. கையுறை போட்டு, பிளீச்சிங் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பேப்பரால் துடைத்து எடுத்துக் கட்டி எறிய வேண்டும். அதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தையின் மூச்சிரைப்புக்குக் கரப்பானும் காரணமாக இருக்கலாம். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். டாக்டரிடம், "வீட்டில் கரப்பானும் எலியும் இருக்கிறது" என்ற வாக்கியத்தைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுத வைக்க வேண்டும். அலர்ஜி பரிசோதனையும் கேட்கலாம். பின்னால் வழக்கு என்று வந்தால், வீட்டையும் குழந்தையின் நுரையீரலையும் இணைக்கிற கயிறு அந்த ஒரு வரிதான்.

சரி, அந்த வீடு யாருடையது? நாம் ராணுவ வீடு என்றால் ராணுவமே பராமரிக்கும் என்று நினைப்போம். அமெரிக்காவில் அப்படி இல்லை. 1996-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, ராணுவக் குடும்ப வீடுகளைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் 50 வருட ஒப்பந்தம். இன்று அந்த நாட்டுக்குள் இருக்கும் ராணுவக் குடும்ப வீடுகள் ஏறக்குறைய எல்லாமே கம்பெனிகள் கையில். மாப்பிள்ளைக்கு வருகிற வீட்டுப்படி நேராக வாடகையாகக் கம்பெனிக்குப் போய்விடும். அதாவது அது இலவச வீடு இல்லை, மாதாமாதம் முழுப் பணம் கட்டுகிற வீடு. மகள் ஆபீசில் பேசும்போது இது மனதில் இருக்கட்டும்.

இப்படிக் கொடுத்ததன் விளைவு நாற்றமெடுத்து வெளியே வந்தது 2018-ல். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எலி, பூஞ்சை, ஈயப் பெயின்ட் என்று வரிசையாக எழுதியது. 2019-ல் ராணுவ வீரர்களின் மனைவிகள் செனட் குழு முன்னால் போய் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். அந்தப் பெண்கள் பேசியதால்தான் அந்த வருடக் கடைசியிலேயே சட்டம் வந்தது. ராணுவக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களின் உரிமைப் பட்டியல் என்று பெயர், மொத்தம் 18 உரிமைகள். மாப்பிள்ளையின் பயத்துக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. வீட்டுக் குறையைச் சொன்னதற்காக யாரும் பழிவாங்கக் கூடாது என்பது அதில் ஒரு உரிமை. அப்படியும் மேலதிகாரி முகம் திருப்பினால், இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நம் ஊர் போலீஸ் ஐ.ஜி. இல்லை, ராணுவத்துக்குள் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிற அலுவலகம் அது. அவர் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. சீருடைக்காரர் வீட்டில் "வாயைத் திறக்காதே" என்பது பழகிப்போன பேச்சு. ஆனால் குத்தகைக்காரக் கம்பெனியைக் கேள்வி கேட்பது ராணுவத்தைக் கேள்வி கேட்பது ஆகாது. இதை நீங்கள் மாமியாராகச் சொன்னால் எடுபடாது. உங்கள் மகள் அந்த உரிமைப் பட்டியலை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும்.

இப்போது, நான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைப்பது. மூன்று முறை ஆள் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று முறையும் கம்பெனி கணக்கில் என்னவென்று பதிவாகியிருக்கும்? "வேலை முடிந்தது." அவ்வளவுதான்.

என் அப்பா அரசு வேலையில் இருந்தார். சேலத்தில் குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் சுவரெல்லாம் கரையான் கோடு. பராமரிப்பு ஆபீசில் ஒரு புகார் நோட்டு இருந்தது. அப்பா அதில் எழுதிவிட்டு வந்து, தன் டைரியிலும் அதையே எழுதுவார்: தேதி, மணி, யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார், என்ன செய்தார். "ஆள் வந்தார், சுவரைத் தட்டினார், போனார், நாலு நிமிஷம்" என்று ஒரு வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒருநாள் என் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த மரப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. அப்பா ஆபீசுக்குப் போனால், புகார் நோட்டில் எங்கள் பக்கத்தில் எல்லா வரிக்கும் நேராக "சரிசெய்யப்பட்டது" என்று ஒரே மையில் எழுதியிருந்தது. அப்பா டைரியை எடுத்து மேஜையில் வைத்தார். அடுத்த வாரம் தரையைத் தோண்டி மருந்து ஊற்றினார்கள். நான் வக்கீலானதற்கு அந்த டைரியும் ஒரு காரணம்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க ராணுவ வீடுகளை நடத்துகிற பெரிய கம்பெனிகளில் ஒன்றான பால்ஃபோர் பீட்டி கம்யூனிட்டீஸ், பராமரிப்புக் கணக்கைப் பொய்யாக எழுதி அரசிடம் ஊக்கத்தொகை வாங்கியதற்காக, 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 6.5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் முடிந்ததாகக் காட்டுகிறார்களோ அதைப் பொறுத்து ஊக்கத்தொகை. எலி போனதா என்று யார் கேட்டார்கள்?

அதனால் உங்கள் மகளும் ஒரு நோட்டுப் போடட்டும். போனில் சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு புகாரும் கம்பெனி ஆப்பிலோ இமெயிலிலோ எழுத்தில் போக வேண்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டினால் அன்றே, "எலி இன்னும் இருக்கிறது, புகாரை மறுபடி திறக்கவும்" என்று பதில் போட வேண்டும். சமையலைப் பற்றிச் சொன்னார்களே, அதையும் "இன்ன தேதியில் இன்னார் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று அவர்களுக்கே இமெயிலில் எழுதட்டும். அப்புறம் அந்த வீட்டின் கடந்த 7 வருடப் பராமரிப்பு வரலாற்றைக் கேட்கட்டும். அதைக் கேட்டு வாங்குவது அந்த 18 உரிமைகளில் ஒன்று. இதற்கு முன்னால் குடியிருந்தவர்களும் எலிப் புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தெரிந்தே இந்த வீட்டை வாடகைக்கு விட்டது என்று ஆகிவிடும். வழக்கின் பாதி பலம் அதில் இருக்கிறது.

கம்பெனி அசையாவிட்டால், முகாமில் ராணுவமே நடத்துகிற வீட்டுவசதி அலுவலகம் தனியாக இருக்கும், அங்கே போக வேண்டும். குடியிருப்போருக்காகப் பேசவென்றே ஒருவரை அங்கே நியமித்திருப்பார்கள். அங்கேயே முறையான தகராறுத் தீர்வு மனு போடலாம். வீட்டை வந்து பரிசோதித்து, பொதுவாக 30 நாளில், இழுத்தால் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை வாடகை கம்பெனி கைக்குப் போகாமல் நிறுத்திவைக்கக் கேட்கலாம். கோபத்தில் மகளும் மாப்பிள்ளையும் தாங்களாகவே வாடகையை நிறுத்திவிடக் கூடாது, அது அவர்கள் மேலேயே பழியாகத் திரும்பும். வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று ஆனால், கம்பெனி செலவில் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லலாம். பேரன் விஷயத்தில் நான் முதலில் கேட்கச் சொல்வது அதைத்தான்.

இந்த மனுவைப் போட்டதால் கோர்ட்டுக்குப் போகும் வழி அடைபடாது. யார் மேல் வழக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். படைவீரர் தன் பணியோடு சேர்ந்த பாதிப்புக்காக அரசின் மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-ல் ஃபெரஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த ஃபெரஸும் தங்கியிருந்த படைவீடு தீப்பிடித்து இறந்தவர்தான். சூடேற்றும் கருவி பழுது என்று மனைவி வழக்குப் போட்டார், தோற்றார். அதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் அந்தத் தடை அரசுக்கு எதிரான வழக்குக்குத்தான். வீட்டுக்காரர் தனியார் கம்பெனியாக இருப்பதால், வாடகை ஒப்பந்தத்தை மீறியது, அஜாக்கிரதை, தொல்லை என்று கம்பெனி மேல் வழக்குப் போடலாம். மகளும் குழந்தைகளும் தங்கள் பாதிப்புக்காகத் தங்கள் பெயரிலேயே கேட்கலாம். இப்படிப் பல குடும்பங்கள் போட்டிருக்கின்றன.

கம்பெனி வக்கீல்கள் எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. முகாம் நிலம் மத்திய அரசுடையது, நிலம் மத்திய அரசிடம் போன பிறகு மாநிலம் கொண்டுவந்த வாடகைச் சட்டங்கள் இங்கே செல்லாது என்பார்கள். சில கோரிக்கைகள் அதில் அடிபடவும் செய்யும். ஆகவே ஊரில் கிடைக்கிற ஏதோ ஒரு வக்கீல் போதாது, ராணுவ வீட்டு வழக்கு நடத்திப் பழகியவர் வேண்டும். முகாமிலேயே ராணுவ சட்ட உதவி அலுவலகம் இருக்கும். வீரருக்கும் குடும்பத்துக்கும் இலவச ஆலோசனை உண்டு, முதலில் அங்கே போகட்டும். வெளி வக்கீல்கள் இந்த மாதிரி வழக்கில் ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வார்கள். நம் ஊரில் வக்கீல்களுக்கு அது தடை, அங்கே அது வழக்கம், பயப்பட வேண்டாம். உடல் பாதிப்பு வழக்குக்கு டெக்சாஸில் கெடு 2 வருடம். சிறுபிள்ளைகளுக்குக் கெடு நீளும் என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.

நஷ்டஈடு என்றால் கட்டிய வாடகையில் ஒரு பகுதி, எலி கடித்த சாமான்கள், மருத்துவச் செலவு, வீடு மாறிய செலவு. பெரிய தொகை என்று நான் ஆசை காட்ட மாட்டேன். வழக்கு வருடக்கணக்கில் ஓடும். நடுவில் மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும், வீட்டைக் காலி செய்யும்போது ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன்" என்ற கையெழுத்தை வீடு காலி செய்வதற்கு நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடைசியாக, நீங்கள். இங்கிருந்து என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஐந்து மாதம் அந்த வீட்டில் ராத்திரி கண்விழித்துப் பிள்ளை பார்த்தவர் நீங்கள், உங்களைவிட நல்ல சாட்சி யார்? பாவு ஓட்டிய வீட்டில் ஒரு எலி நுழைந்தால் ராத்திரியெல்லாம் தூங்காமல் காது கொடுத்துக் கேட்கிற குடும்பம் உங்களுடையது. எந்தச் சுவர், எத்தனை மணி, எந்தப் பாக்கெட் என்று ஞாபகம் இருக்கும்போதே தமிழிலேயே எழுதித் தேதி போட்டு வையுங்கள். போனில் எடுத்த படங்களை மகளுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், எடுத்த தேதி, நேர விவரம் படத்திலிருந்து கழன்றுவிடும். டாகுமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பேத்தியோ பேரனோ பக்கத்தில் இருந்தால் இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். குழந்தையைக் கொஞ்சுகிற வீடியோவில் பின்னால் கரப்பான் ஓடியிருக்கும், அதையும் அழிக்காதீர்கள். தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் என்று யாராவது சொன்னாலும், இந்த விவகாரம் முடிகிறவரை அந்தப் பழைய போனை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.