இல்லத்தில் வளர்ந்து வெளியேறியவர்களிடம் எப்படிக் கருத்துக் கேட்பது?

கேள்வி: காரைக்குடி அருகே குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம். 18 வயதில் வெளியேறுபவர்களுக்கான ஆதரவை மேம்படுத்த, முன்பு இங்கே வளர்ந்தவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயது நிறைந்து வெளியேறுபவர்களுக்கு நிதியுதவி அளிக்க வழி செய்கிறது. வெளியேறிய பின் தரப்படும் இந்த ஆதரவுக்குப் பிற்காப்பு என்று பெயர். இது பொதுவாக 21 வயது வரை. விதிவிலக்காக 23 வரை நீளலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். சிவகங்கை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள்.

ஆனால் கால் எங்கே இடறுகிறது என்பது இல்லத்தில் வளர்ந்து வெளியேறியவர்களுக்குத்தான் தெரியும். வாடகைக்கு அறை கேட்டால் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே நம் பக்கத்தில் முதல் கேள்வி. முன்பணம், காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தர ஆள், தீபாவளிக்குப் போக ஓர் இடம்: இவை படிவங்களில் வராது.

திட்டத்தை எழுதி முடித்துவிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். எழுதும்போதே உடன் உட்கார வையுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர் ஒரு நாள் கூலியை இழந்துதான் வருவார். அந்தக் கூலியையும் பஸ் செலவையும் அன்றே கொடுங்கள். சொந்தக் கதையைச் சொல்ல வற்புறுத்தக் கூடாது. நன்கொடையாளர் முன் நிறுத்தவே கூடாது! என்ன மாற வேண்டும் என்று கேட்டால் போதும்.

ஒருவரை மட்டும் அழைத்தால் அதிகாரிகள் நடுவே பேசத் தயங்குவார். இரண்டு மூன்று பேராக அழையுங்கள். அதே சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி இல்லத்தில் அமையும் குழந்தைகள் குழுவிலும் அவர்களைப் பேச வையுங்கள். 17 வயதுப் பிள்ளைகள் உங்களிடம் கேட்காததை அவர்களிடம் கேட்பார்கள். எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது ஏன் முடியவில்லை என்பதை, யோசனை சொன்னவர்களிடமே திரும்பத் தெரிவித்துவிடுங்கள்.