மோசே எத்தியோப்பியாவுக்குப் படையெடுத்தாரா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு யாத்திராகமம் நடத்துகிறேன். மோசே எகிப்தியப் படைக்குத் தலைமை தாங்கி எத்தியோப்பியாவை வென்றதாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். வேதாகமத்தில் அப்படி எதுவும் இல்லையே. இதைப் பாடத்தில் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மோசேயைப் பற்றிய தகவலாக வேண்டாம். ஜோசபஸ் எப்படிக் கதை சொல்கிறார் என்பதற்கு உதாரணமாகச் சேருங்கள்.

கி.பி. 37இல் எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ரோமருக்கு எதிரான போரில் கலிலேயாவில் படை நடத்தி, 67இல் பிடிபட்டு, பின்னர் அதே ரோமப் பேரரசர்களின் ஆதரவில் ரோமாபுரியில் வாழ்ந்தார். யூதர்களின் தொன்மை வரலாற்றை 20 புத்தகங்களாகக் கிரேக்க மொழியில் அங்கேதான் எழுதி, 93-94 வாக்கில் முடித்தார். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முன்னுரையில் வாக்குக் கொடுக்கிறார். சொன்னதோடு சரி!

யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மோசே மடியில் வைத்து எடுத்த கை குஷ்டம் பிடித்து வெளுத்திருக்கிறது. ஜோசபஸிடம் அந்தக் கை சுண்ணாம்பு நிறமாக இருக்கிறது, அவ்வளவுதான். குஷ்டம் என்ற பேச்சே இல்லை. காரணம் உண்டு. யூதர்கள் எகிப்திலிருந்து துரத்தப்பட்ட குஷ்டரோகிகள், மோசேயும் அவர்களில் ஒருவர் என்ற அவதூறு அன்று புழக்கத்தில் இருந்தது. கிரேக்க வாசகர் கையில் அதற்குச் சாட்சியை இவரே எடுத்துக் கொடுப்பாரா?

மோசே மலைமேல் இருந்தபோது ஜனங்கள் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியையும் காணோம். மோசே சீனாய் மலையிலிருந்து இறங்குகிறார், ஜனங்கள் சந்தோஷப்படுகிறார்கள், கதை நகர்ந்துவிடுகிறது. சவுல் ராஜா தன் மகளை மணமுடித்துக் கொடுக்கத் தாவீதிடம் கேட்ட பெலிஸ்தரின் நுனித்தோல்கள், இங்கே 600 தலைகளாகிவிட்டன. விருத்தசேதனத்தைக் கேலி செய்தவர்களுக்கு அந்தக் காட்சி எப்படிப்பட்ட தீனி என்று அவருக்குத் தெரியும்.

கூட்டியவற்றில் உச்சம் நீங்கள் கேட்ட எத்தியோப்பியப் போர்தான். பாம்புகள் நிறைந்த தரைவழியே படை போக வேண்டும். மோசே கோரைக் கூடைகளில் அரிவாள் மூக்கன் பறவைகளைக் கொண்டுபோய்த் திறந்துவிட, அவை பாம்புகளைத் தீர்த்துக்கட்டுகின்றன. எத்தியோப்பிய இளவரசி தார்பிஸ், போரிடும் மோசேயைப் பார்த்துக் காதல்கொண்டு, திருமணத்துக்கு ஈடாக நகரத்தையே ஒப்படைக்கிறாள். இது முழுக்க ஜோசபஸின் கற்பனையும் அல்ல. எகிப்திய யூதரான அர்தபானுஸ் முன்பே எத்தியோப்பியப் போர்க் கதை ஒன்றை எழுதியிருக்கிறார். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததாக எண்ணாகமம் 12இல் வரும் ஒற்றை வரி, இப்படியொரு கதைக்கு இடம் கொடுத்தது.

செங்கடல் பிளந்ததைச் சொல்லும்போது குரல் சற்றுத் தணிகிறது. அலெக்சாந்தருக்குப் பம்பிலியக் கடல் (இன்றைய துருக்கியின் தென்கரைக் கடல்) வழிவிட்டதாகச் சொல்லப்படுவதை நினைவூட்டிவிட்டு, அவரவர் விருப்பப்படி எண்ணிக்கொள்ளட்டும் என்கிறார். எனக்கு இதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனமான இடம்.

வகுப்பில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கன்றுக்குட்டி விஷயத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும்.