லைவ் செட்டப்புக்கு நகைய வைக்கிறதுக்கு முன்னாடி

அக்கா, தம்பி கல்யாணம், கோயில் விசேஷத்த யூடியூப்ல லைவ் விடற தொழில் ஆரம்பிக்க நகைய அடமானம் வைக்கலாமான்னு கேட்டு நீங்க அனுப்பின கொட்டேஷன ரெண்டு தடவ படிச்சேன். மூணு கேமரா, எட்டு இன்புட் ஸ்விட்சர் (பல கேமரா படத்த மாத்தி மாத்தி காட்டற பெட்டி), லேப்டாப், லைட்டுன்னு 6 லட்சத்து 40 ஆயிரம் போட்டிருக்காங்க, கீழ சின்ன எழுத்துல ஜிஎஸ்டி 18 சதவீதம் தனின்னு இருக்கு பாருங்க, அத சேர்த்தா ஏழரை லட்சத்த தாண்டிடும், தம்பி அத கவனிக்கவே இல்லன்னு நினைக்கிறேன்.

இந்த தொழில் அவனுக்கு வருமான்னு கேட்டிருந்தீங்க. வரும் அக்கா. உங்க தெரு கோயில் கும்பாபிஷேகத்த வெறும் ஃபோன்ல லைவ் விட்டத என்கிட்ட காட்டினான், அவ்ளோ கூட்டத்துலயும் கை ஆடாம நின்னிருக்கான், விஸ்காம் படிச்ச எல்லாருக்கும் அந்த நிதானம் இருக்காது.

ஆனா கேமரா இப்ப வாங்க வேணாம். நம்ம சேலத்துல அஸ்தம்பட்டில இருந்து அம்மாபேட்ட வரைக்கும் கல்யாண ஃபோட்டோகிராஃபர் யார கேட்டாலும் கையில நல்ல கேமரா இருக்கு, வாடகைக்கும் கிடைக்குது, அவங்ககிட்ட இல்லாதது அந்த மூணு கேமராவையும் ஒண்ணா சேர்த்து கட் ஆகாம யூடியூபுக்கு அனுப்பத் தெரிஞ்ச ஆளு. தம்பி அந்த ஆளா போகட்டும். அவங்க கேமரா, இவன் ஸ்விட்சர்.

ஸ்விட்சருக்கும் எட்டு இன்புட் எதுக்கு? பிளாக்மேஜிக் ஏடெம் மினின்னு 2019ல வந்துச்சு, நாலு ஹெச்டிஎம்ஐ இன்புட், அப்ப 295 டாலர்தான். சாதா மினிய லேப்டாப்ல மாட்டித்தான் லைவ் விடணும், அதுக்கு ஓபிஎஸ் சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது, மினி ப்ரோன்னா நெட் கேபிள நேரா மாட்டி அனுப்பலாம், யூஎஸ்பி டிஸ்க்ல ரெக்கார்டும் ஆகும். ஆரம்பத்துக்கு அந்த ப்ரோ ஒண்ணு போதும்னுதான் நான் சொல்லுவேன்.

கொட்டேஷன்ல இல்லாத செலவுதான் எனக்கு பயமா இருக்கு. மண்டபத்துல மேடைக்கும் பின்னாடி ஸ்விட்சர் டேபிளுக்கும் நடுவுல முப்பது மீட்டர் வந்துடும், சாதா ஹெச்டிஎம்ஐ கேபிள் பத்து பதினஞ்சு மீட்டர தாண்டினாலே படம் விட்டு விட்டு வரும், அப்ப தூரத்துக்கு படத்த அனுப்பற எஸ்டிஐ கேபிளும் ரெண்டு முனைக்கும் கன்வெர்ட்டரும் வேணும், அது ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியா. அப்புறம் யூபிஎஸ், ட்ரைபாட், நாலு மணி நேரம் கேமரா அணையாம நேரா கரண்ட்ல ஓட டம்மி பேட்டரி. மைக்செட்காரர் மிக்ஸர்ல இருந்து ஒரு லைன் எடுக்க ஒயரும் வேணும், ஏன்னா படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க, மந்திரமும் மேளமும் கேக்கலன்னா துபாய்ல இருக்கற மாமா அடுத்த நிமிஷம் ஃபோன் போட்டுடுவாரு. அதே மைக்செட்ல சினிமா பாட்டு ஓடினா யூடியூப் காப்பிரைட்னு லைவ நிறுத்தவும் செய்யும், பார்ட்டிகிட்ட இத முன்னாடியே சொல்லிடணும்.

நெட்டுக்கு வருவோம், இதுலதான் நிறைய பசங்க மாட்டிக்கறாங்க. ஃபுல் ஹெச்டிக்கு விநாடிக்கு நாலரை மெகாபிட் வச்சா ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி போயிடும், தினம் 2 ஜிபி ப்ளான் போட்ட சிம்ம நம்பி அஞ்சு மணிக்கு லைவ் ஆரம்பிச்சா ஆறு மணி தாலி கட்டுக்கு சரியா ஸ்பீடு விழுந்துடும். அப்லோடு ஸ்பீடு ஒன்பது பத்து மெகாபிட்டாவது இருக்கணும், டவுன்லோடு நூறு காட்டுதுன்னு சொன்னா அது இதுக்கு ஆகாது. மண்டபத்து வைஃபைய நம்பவே கூடாது, ஐநூறு பேர் வந்து உக்காந்தா அதோட கதி தெரியும்ல. ஏற்காட்டுல ரிசார்ட் கல்யாணத்துக்கு நல்ல காசு வரும்னு தம்பி சொன்னான், சரிதான், ஆனா இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனப்புறம் ஒரு சரிவுல சிக்னல் இருக்கும், அடுத்த சரிவுல இருக்காது. ரெண்டு கம்பெனி சிம்மோட முந்தின நாளே போய் அதே நேரத்துல டெஸ்ட் பண்ணாம அட்வான்ஸ் வாங்கக் கூடாது, நாலஞ்சு சிம்ம சேர்த்து ஓட்டற பாண்டிங் பெட்டிய அப்பப்ப வாடகைக்கு எடுத்துக்கலாம்.

நான் உங்கள தடுக்கறதுக்கு முக்கிய காரணம் மாசக் கணக்கு. ஆடில கல்யாணம் இல்ல, மார்கழில இல்ல, புரட்டாசிலயும் ரொம்ப கம்மி, ஈஎம்ஐ மட்டும் பன்னெண்டு மாசமும் வரும். நம்ம ஊர் ஆடில கோட்டை மாரியம்மன்ல இருந்து ஊர் பூரா பண்டிக நடக்கும், லைவுக்கு வேல இருக்கும்தான், ஆனா தெருக்கோயில் கமிட்டிகிட்ட கல்யாண ரேட்டு கேக்க முடியாதே. என்கிட்ட வந்த ஒரு பையன் இப்படித்தான் நகைய வச்சு எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கினான், ரெண்டு வருஷத்துல கேமராவ பாதி விலைக்கு வித்துட்டு இன்னொருத்தர்கிட்ட வேலைக்கு போனான், நல்ல திறமைசாலி, இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு மனசு கேக்கல.

அண்ணன் கொலுசு பட்டறை வச்சிருக்காரு, ஆர்டர் எவ்ளோன்னு பாக்காம ஒரு மெஷின் வாங்குவாரா? கேட்டுப் பாருங்க, என்ன விட தெளிவா தம்பிக்கு சொல்லுவாரு.

கடன் வேணும்னா சின்ன தொழிலுக்கு பேங்க்ல குடுக்கற முத்ரான்னு அரசாங்க கடன் திட்டம் இருக்கு, அதுல ஷிஷுங்கற பிரிவுல 50,000 வரைக்கும், கிஷோர்ங்கற பிரிவுல 5 லட்சம் வரைக்கும், அடமானம் கேக்கக் கூடாது. ஸ்விட்சர், கேபிள், யூபிஎஸ்ஸுக்கு மட்டும் புதுசா ஒரு கொட்டேஷன் வாங்கி பேங்க்ல கேக்கட்டும், ஆறு மாசம் ஃபோட்டோகிராஃபருங்க கூட போகட்டும், வர்ற காசு, போற வாடகை ரெண்டையும் நோட்டுல எழுதட்டும். எந்த கேமராவ அடிக்கடி வாடகைக்கு எடுக்கறான்னு அந்த நோட்டே காட்டும், அத மட்டும் அப்ப வாங்கிக்கலாம்.

சனிக்கிழம சாயங்காலம் தம்பிய கூட்டிட்டு வாங்க, வீட்டு காலண்டரையும் எடுத்துட்டு வாங்க, முகூர்த்த நாள எண்ணி மாசத்துக்கு எத்தன வேல வரும்னு மூணு பேரும் உக்காந்து போட்டுப் பாத்துடலாம். நக அதுவரைக்கும் பீரோலயே இருக்கட்டும் அக்கா.